நெய்வேலிக்கு ஆயா கேட்கிறீங்க, இந்தப் பழைய கதையையும் கேளுங்க

மல்லாட்டை பிடுங்கிக் காயப்போட்டாச்சு. களத்துல காக்கா ஓட்டிக்கிட்டே போன்ல தட்டுறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

போன மாசம் மட்டும் மூணு பேர் கூப்பிட்டாங்க. ஒருத்தர் சென்னை, ஒரு அம்மா பெங்களூரு, ஒரு தம்பி ஜெர்மனி. மூணு பேரும் நெய்வேலி வட்டத்துல பிறந்து வளர்ந்து, அங்கேயே பள்ளிக்கூடம் படிச்சவங்க. கேட்டது ஒரே விஷயம்தான். "அண்ணே, நீங்க நெய்வேலி பக்கம்தானே. அப்பா தனியா இருக்கார், ராத்திரியில எழுந்திருக்க முடியல. உங்க ஊர்ல நம்பிக்கையா ஒரு அம்மா கிடைச்சா வீட்டோட வச்சுக்கலாம்."

ஆள் சொல்ற ஏஜெண்ட் இல்ல நான். ஆனா இந்தக் கேள்வி ஏன் சுத்திச் சுத்தி எங்க ஊர்ப் பக்கமே வருதுன்னு யோசிச்சேன். அதுக்குப் பின்னால அறுபது எழுபது வருஷக் கதை இருக்கு. அதுல எங்க வீடும் இருக்கு.

முதல்ல ஒரு வார்த்தைய சொல்லிடுறேன். எங்க தென்னார்க்காட்டுப் பக்கம் 'ஆயா'ன்னா பாட்டி. அப்பாவப் பெத்தவங்களும் ஆயாதான், அம்மாவப் பெத்தவங்களும் ஆயாதான். டவுன்ஷிப்ல ஆயான்னா வேலைக்கு வர்ற பொம்பள. அந்த ஆயா போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சொல்லாம், வெள்ளைக்காரங்க வீட்டுல பிள்ளை வளர்த்தவங்களுக்கு வச்ச பேர். ரெண்டு வார்த்தையும் எங்கேயோ பிறந்து, ஒரே உச்சரிப்புல வந்து நிக்குது. ஊர்ல ஆயான்னா பார்த்துக்கப்பட வேண்டியவ. டவுன்ஷிப்ல ஆயான்னா பார்த்துக்கிறவ.

எங்க ஆயா, அப்பாவோட அம்மா, 1983ல படுத்தாங்க. 1986ல போய்ச் சேர்ந்தாங்க. நான் அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்த பையன். மூணு வருஷம் எங்க அம்மாதான் எல்லாம். கயித்துக்கட்டில்ல நடுவுல கயிற விலக்கிக் கட்டி, கீழ சட்டி வச்சு, காலையில சாம்பல் போட்டு அள்ளுவாங்க. முதுகுல புண்ணு வந்தப்ப வாழை இலைய விரிச்சு அதுமேல படுக்க வச்சாங்க. ராத்திரி ஆயா கூப்பிட்டா அம்மாவுக்குத்தான் முதல்ல காது கேட்கும். பெத்த பிள்ளை எங்க அப்பா திண்ணையில தூங்குவார்.

அம்மாவுக்கு இதுக்கு யாரும் கூலி குடுக்கல. அதுக்காக வெறும் பாசத்துல நடந்ததுன்னும் சொல்ல முடியாது. எங்க தாத்தா 1971ல பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினப்ப, கிழக்குக் கொல்லையில அரைக்காணிய ஆயா பேர்ல ஜீவனாம்சமா ஒதுக்கினார். ஆயுள் வரைக்கும் அந்த மகசூல் ஆயாவோடது. அதுக்கப்புறம் கடைசிவரை கஞ்சி ஊத்துற பிள்ளைக்குப் போகும். பத்திரத்துல அப்படித்தான் இருக்கு, இன்னும் பெட்டியில வச்சிருக்கேன். அந்த அரைக்காணி இருந்ததால சித்தப்பா வீட்டுலயும் மாசம் ரெண்டு தரம் வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஆயாவுக்கும் அது தெரியும். மருமக கோவமா பேசினா, "கொல்லைய குத்தகைக்கு விட்டுட்டு வடலூர் போயிடுவேன்"னு மிரட்டுவாங்க.

அதென்ன வடலூர்னா, நிலம் இல்லாத கிழங்கட்டைங்களுக்கு அந்தக் காலத்துல அதான் கதி. 1867 மே 23ல வள்ளலார் அங்க சத்திய தருமச்சாலைய தொடங்கினார். பார்வதிபுரம் ஜனங்க 80 காணி நிலம் குடுத்தாங்க. அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையல. நெய்வேலியில இருந்து கூப்பிடு தூரம்தான். பிள்ளைங்க கைவிட்டவங்க, பிள்ளையே இல்லாதவங்க, கூலி வேலை செஞ்சு முதுகு ஒடிஞ்சவங்க எல்லாம் ஒரு வேளை சோத்துக்கு அங்க போய் உட்கார்ந்தாங்க. இப்பவும் போய்ப் பாருங்க, வரிசையில பாதிப் பேர் தலை நரைச்சவங்கதான். பத்திரம் எழுத நிலம் இருந்தவங்களுக்கு ஜீவனாம்சம். அது இல்லாத சேரி ஜனத்துக்கு, குடிசையில பேத்தி யாராவது இருந்தா உண்டு. "அந்தக் காலத்துல எல்லாப் பெரியவங்களையும் தாங்கினோம்"னு யாராவது மேடையில பேசினா எனக்குச் சிரிப்பு வரும்.

இப்ப சுரங்கத்துக்கு வருவோம். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு போட்டப்ப கறுப்பா ஒண்ணு வந்ததுன்னு இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1956ல கம்பெனி பதிவாச்சு. 1957 மே 20ல நேரு வந்து சுரங்க வேலைய தொடங்கி வச்சார். 1961ல நிலக்கரி தட்டுச்சு. 1962ல சோவியத்துக்காரங்க உதவியோட கட்டின அனல்மின் நிலையத்துல மின்சாரம் வந்துச்சு. அதே 1962ல காமராஜர் ஆட்சியில முதியோர் உதவித்தொகையும் வந்துச்சு, மாசம் 20 ரூபாய், ஆதரவு இல்லாதவங்களுக்கு மட்டும். இன்னைக்கு அது 1,200.

அந்தக் காலத்து நெய்வேலிய எங்க அப்பா சொல்லக் கேட்டிருக்கேன். அவர் பால் ஊத்தப் போவார். வட்டம் வட்டமா வீடு, ரெண்டு பக்கமும் மரம், குழாயத் திறந்தா தண்ணி. அவருக்கு வினோதமா பட்டது வேற ஒண்ணு. "தெருவுல ஒரு கிழவன் கிழவிய காணோம்டா"ம்பார். கம்பெனி குவார்ட்டர்ஸ்னா வேலை செய்யறவனுக்கு. கேரளா, ஆந்திரா, தமிழ்நாட்டு மூலைமுடுக்கெல்லாம் விட்டுட்டு வந்தது இருபது முப்பது வயசுப் பசங்க. அவங்களப் பெத்தவங்க சொந்த ஊர்ல, இன்னொரு மருமக கையில. அதனால ஊரைத் திட்டம் போட்டவங்க பள்ளிக்கூடம் கட்டினாங்க, ஆஸ்பத்திரி கட்டினாங்க, விளையாட்டு மைதானம் விட்டாங்க. வயசாகப் போறதப் பத்தி யாரும் நினைக்கல. எனக்குத் தெரிஞ்சு அது நெய்வேலியோட தப்பு மட்டும் இல்ல. முதியோருக்குன்னு தனி மருத்துவமே நம்ம பக்கம் பிறகுதான் வந்துச்சு. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில முதியோருக்குன்னு தனி புறநோயாளிப் பிரிவு தொடங்கினது 1978ல. அதுக்கான மேற்படிப்பு 1996ல.

முதல் தலைமுறை ரிட்டயர் ஆனப்பத்தான் விஷயம் தெரிஞ்சுச்சு. வேலை முடிஞ்சா குவார்ட்டர்ஸை ஒப்படைக்கணும், அதான் விதி. முப்பது வருஷம் இருந்த வீட்டை விட்டுட்டு, சொந்த ஊருக்கும் போக மனசில்லாம, இந்திரா நகர்லயும் வடலூர்லயும் மனை வாங்கிக் கட்டினாங்க. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும், கூட வேலை பார்த்தவன் பக்கத்துல இருக்கணும்னு. பிள்ளைங்கள நல்லாப் படிக்க வச்சாங்க, அதனாலேயே பிள்ளைங்க இங்க இல்ல. ரெண்டு மாடி வீட்டுல கீழ ஒரு ரூம்ல மட்டும் லைட் எரியும். இந்தக் கதை நெய்வேலியோட நிக்கல. 2021 கணக்குப்படி தமிழ்நாட்டுல நூறு பேர்ல 13க்கு மேல 60 தாண்டினவங்க, நாடு முழுசுக்கும் 10தான். ஆனா ஒரே வயசுல வேலைக்குச் சேர்ந்து, ஒரே சமயத்துல வயசானது இங்கதான். பழைய அனல்மின் நிலையமே 2020ல ஓய்வு வாங்கிடுச்சு, பாருங்க.

இது ஒரு பக்கம். மறுபக்கம் எங்க அக்கா கதை.

அக்காவ 1985ல கட்டிக் குடுத்தோம். ரெண்டாம் சுரங்கத்துப் பக்கத்து ஊர். மூணு அண்ணன் தம்பி, நாலு காணி நிலம், கரும்பும் நெல்லும். மாமியாருக்கு அரைக்காணி ஜீவனாம்சம், எங்க ஆயாவுக்கு இருந்த மாதிரியே. சுரங்கம் விரிவாச்சு, 2000க்குப் பிறகு அந்த நிலமும் எடுப்புல போச்சு. சட்டப்படி பணம் வந்துச்சு, அதுல நான் குறை சொல்ல வரல. மண்ணுக்கு ஒரு தொகை, மரத்துக்கு ஒரு தொகை, கிணத்துக்கு, வீட்டுக்கு, அதுமேல ஆறுதல் தொகை. தென்னைய ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினாங்க. ஆனா அந்த அரைக்காணியில கிழவிக்கு இருந்த பிடிமானத்துக்கு எந்தப் படிவத்துலயும் கட்டம் இல்ல, இருக்கவும் முடியாது. பணம் கிழவி பேருக்கும் வந்துச்சு. பிள்ளைங்க கேட்டாங்க, குடுத்துட்டா. ஒருத்தன் லாரி வாங்கினான், ஒருத்தன் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணான், எங்க மாமா வீடு கட்டினார். நிலமா இருந்தா கடைசிவரை கையில இருந்திருக்கும். பணம் ஒரு வருஷத்துல கரைஞ்சுச்சு. அதுக்கப்புறம் மாமியாருக்கு முறை வச்சாங்க, மாசத்துக்கு ஒரு வீடு. முப்பதாம் தேதி சாயங்காலம் துணிப்பைய எடுத்துக்கிட்டு அடுத்த வீட்டுத் திண்ணைக்கு நடப்பாங்க. முப்பத்தோராம் தேதி வந்தா யார் கணக்குன்னு சண்டை. நானே கண்ணால பார்த்தேன்.

இப்படிப்பட்ட ஆளுங்களுக்காகத்தான் 2007ல பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்துச்சு. கோட்டாட்சியர்கிட்ட மனு குடுத்தா விசாரிச்சு, மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் குடுக்கச் சொல்லலாம். பார்த்துக்கணும்கிற நிபந்தனையோட எழுதிக் குடுத்த சொத்தை, பார்த்துக்கலேன்னா ரத்து பண்ண 23ஆம் பிரிவு இருக்கு. பத்திரம் எழுதுறவங்க அந்த நிபந்தனைய வாய்விட்டு எழுதிடுங்க, பிற்பாடு உதவும். ஆனா ரொக்கமா குடுத்து செலவானதை எந்தக் கோட்டாட்சியர் வந்து மீட்க முடியும்? அந்த அம்மா மனு குடுக்கவும் இல்ல. "பெத்த பிள்ளை மேல கேஸா?"ன்னுட்டாங்க.

நிலம் போனா பொம்பளைங்களுக்கு நாத்து நடுற வேலையும் போச்சு, களை எடுக்குற வேலையும் போச்சு. அக்கா முதல்ல டவுன்ஷிப்ல பாத்திரம் தேய்க்கப் போனாங்க. அந்த வீட்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தப்ப, "நீயே இருந்து பார்த்துக்கோ"ன்னுட்டாங்க. அப்படித்தான் எங்க அக்கா ஆயா ஆனாங்க. யாரும் பயிற்சி குடுக்கல. குளிக்க வைக்கிறது, ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கிறது, புண்ணு வராம பார்க்குறது எல்லாம் மாமியார்கிட்டயும் எங்க அம்மாகிட்டயும் பார்த்துக் கத்துக்கிட்டது. இப்ப நாலாவது வீடு. அந்த ஊர்ப் பக்கம் இந்த மாதிரி போறவங்க பத்துப் பதினஞ்சு பேராவது எனக்குத் தெரியும். முக்காவாசி நிலம் போன வீட்டுப் பொம்பளைங்க.

ஒரே பள்ளம்தான் தனியா நிக்கிற பென்ஷன்காரரையும் உண்டாக்குச்சு, அவருக்கு வேலைக்குப் போற பொம்பளையையும் உண்டாக்குச்சு. நீங்க எனக்குப் போன் பண்றதுக்குக் காரணம் இதுதான்னு நினைக்கிறேன். அக்கா டவுன்ஷிப்ல அந்த அம்மாவுக்கு முதுகு துடைச்ச அதே நேரத்துல, அக்காவோட மாமியார் திண்ணையில தனியா கிடந்தாங்க. அங்க துடைச்சாத்தான் இங்க மாத்திரை வாங்க முடியும். 2016ல அவங்க போனப்ப அக்கா டூட்டியில இருந்தாங்க.

போன தை மாசம் எங்க அம்மா வாசப்படியில விழுந்தாங்க. 82 வயசு. இடுப்பு எலும்பு. ஆபரேஷன் பண்ணி வீட்டுக்குக் கூட்டியாந்தாச்சு, ஆனா எழுந்து நடக்குற தெம்பு இல்ல. எங்க வீட்டுக்காரிக்கு மூட்டு வலி, தூக்கித் திருப்ப முடியாது. நானும் உங்கள மாதிரியே ஆள் தேடினேன். கடலூர்ல ஒரு ஏஜென்சி. பதிவுக் கட்டணம் தனி, ஒரு மாசம் முன்பணம். வீட்டோட தங்குற ஆளுக்கு மாசம் 24,000 சொன்னாங்க. 'நர்ஸ்'னு சொல்லி அனுப்பின பொண்ணு வந்து பார்த்தா படிச்சது பத்தாவது. பாவம், நல்ல பொண்ணு. பேசிப் பார்த்தப்ப அது கைக்குப் போறது 15,000தான்னு தெரிஞ்சுது. எட்டாம் நாள் அதோட பிள்ளைக்குக் காய்ச்சல்னு போச்சு, ஏஜென்சி மாத்து ஆள் அனுப்பல, முன்பணமும் திரும்பல. எனக்கு ஒரு போகத்து மல்லாட்டை லாபம் அதுல போச்சு.

கடைசியில அக்காவுக்கே போன் பண்ணேன். "அம்மாவ நீ வந்து பார்த்துக்கக் கூடாதா"ன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "நான் இங்க இருபதாயிரம் வாங்குறேன்டா தம்பி. உங்க மாமாவுக்கு வேலை இல்ல. அம்மாவ நான் பார்த்தா அந்தக் காச யாரு குடுப்பா?"

கோவம்தான் வந்துச்சு. ரெண்டு நாள் பேசல. பெத்த தாய்க்குக் கூலி கேட்குறதான்னு. அந்த சமயத்துலதான் ஜெர்மனித் தம்பி கூப்பிட்டார், அவர் அப்பாவுக்கு ஆள் கேட்டு. பேச்சுவாக்குல என் கதையச் சொன்னேன். அங்க 1995ல இருந்து பராமரிப்புக்குன்னே தனிக் காப்பீடு இருக்காம். சம்பளத்துல பிடிச்சுக்குவாங்களாம். வீட்டு ஆளே பார்த்துக்கிட்டாலும் அதுல இருந்து ஒரு தொகை வருமாம், பொண்ணு பார்த்தா பொண்ணுக்குக் குடுக்கலாம். ஜப்பான்லயும் 2000ல இருந்து, 40 வயசு ஆனவங்க எல்லாம் பணம் கட்டுறாங்களாம். இந்தப் பக்கம் கேரளாவுல 1993ல கோழிக்கோட்டுல தொடங்கின வலி நிவாரண இயக்கம் அக்கம்பக்கத்து ஜனங்களையே பழக்கி வீடு வீடா அனுப்புது. நம்மகிட்ட 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு. எங்க அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, இயன்முறை சிகிச்சைக்கும் ஆள் வந்தாங்க. நல்ல திட்டம்தான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் கூட்டிப் போக அரசாங்கம் வராது.

போனை வச்சுட்டு அந்தப் பழைய பெட்டியத் திறந்து தாத்தா பத்திரத்த எடுத்துப் பார்த்தேன். 'கடைசிவரை கஞ்சி ஊத்துற பிள்ளைக்கு.' எங்க அம்மாவுக்கு அந்த மூணு வருஷத்துக்குக் கூலி குடுக்கலைன்னு மேல எழுதினேன் இல்லையா, அது சரியில்ல. அரைக்காணி வந்துச்சு. வந்தது எங்க அப்பா பேருக்கு. அதுல இப்ப நான்தான் மல்லாட்டை போடுறேன்.

நானும் தம்பியும் பேசி முடிவு பண்ணோம். மாசம் 20,000, ஆளுக்குப் பாதி. அக்கா சித்திரை கடைசியில டவுன்ஷிப் வீட்டுல சொல்லிட்டு, அவங்களுக்கு வேற ஆள் பார்த்துக் குடுத்துட்டு வந்தாங்க. வாரத்துல ஒரு நாள் அவங்க வீட்டுக்குப் போவாங்க, அன்னைக்கு நான் அம்மாவப் பார்த்துக்கிறேன். தூக்கி உட்கார வைக்கிறது எனக்கு இன்னும் சரியா வரல. அக்கா திட்டுறாங்க, "அக்குள்ல கை குடுக்காதே, பின்னால இருந்து இடுப்பைப் பிடி"ன்னு.

போன் பண்ற உங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். குழாய் வழியா சாப்பாடு, ஊசி, சிறுநீர்க் குழாய் இருந்தா படிச்ச நர்ஸ்தான் வேணும், எங்க ஊர் அம்மாக்கள் பத்தாது. ஏஜென்சி வழியா எடுத்தா அந்தப் பொம்பளை கைக்கு எவ்வளவு போகுதுன்னு நேரா கேளுங்க. வாரம் ஒரு நாள் லீவு, படுக்க அவங்களுக்குன்னு ஒரு இடம். அப்பாவப் பார்க்க வந்தவங்கள வீட்டுக்கே சமைக்கச் சொல்லாதீங்க. வீட்டு வேலை செய்யறவங்களுக்கு 2007ல இருந்து நல வாரியம் இருக்கு, பதிவு பண்ணிக் குடுங்க. அவங்க வீட்டுல யார் படுத்திருக்காங்கன்னும் கேட்டு வச்சுக்குங்க. அதைக் கேட்காம விட்டா, ஒருநாள் சொல்லாம கிளம்புனாங்கன்னு நீங்க கோவப்படுவீங்க.

சம்பளம் விஷயத்த அம்மாகிட்ட மறைச்சுத்தான் வச்சிருந்தோம். எப்படியோ தெரிஞ்சுடுச்சு. ஒருநாள் பூரா சாப்பிடல. இப்ப மாசம் பிறந்தா, நான் கஞ்சி குடுக்கப் போறப்ப காதோரமா கேட்குறாங்க: "அக்காவுக்குக் குடுத்துட்டியாடா?"

இந்த மாசம் இன்னும் குடுக்கல. மல்லாட்டை வித்துத்தான் குடுக்கணும், நாளைக்குக் காலையில மூட்டைய ஏத்தணும்.